வீடு கேரளாவில், தோப்பு தமிழ்நாட்டில்: வாரிசுச் சான்று எங்கே வாங்குவது?

வணக்கம். அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், வேலந்தாவளம் பக்கம். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாமே கேரள முகவரிதான். அப்பா பேரில் உள்ள 1 ஏக்கர் 40 சென்ட் தென்னந்தோப்பு மட்டும் எல்லை தாண்டி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பட்டா மாற்ற வாரிசுச் சான்று கேட்கிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அப்பா வீட்டில்தான் இறந்தார். 21 நாள் கெடு என்பதால் ஒன்பதாம் நாளே பஞ்சாயத்தில் பதிந்துவிட்டோம். சான்றிதழில் பத்துப் பிரதி வாங்கியது நல்லதாகப் போயிற்று, போகிற இடமெல்லாம் ஒன்று கேட்கிறார்கள். வங்கியில் அம்மா நாமினி, அது சிக்கலில்லாமல் முடிந்தது.

அப்புறம் தமிழ்நாட்டு இ-சேவை மையத்துக்குப் போனோம். இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த ஊரின் தாசில்தார்தான் தர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இங்கே கேட்டால், நிலம் அங்கே என்றால் அங்கேயே வாங்குங்கள் என்கிறார்கள். மூன்று முறை அலைந்தாயிற்று. முட்டிவலியோடு அம்மாவை பஸ் ஏற்றி இறக்குவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வாரிசுகள் அம்மா, நான், தங்கை மூவர்தான். பாட்டி முன்பே காலமாகிவிட்டார். எங்களுக்குள் தகராறு எதுவும் இல்லை. இறப்புச் சான்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, பட்டா தமிழில்.

கேரளத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றை வைத்துத் தமிழ்நாட்டில் பட்டா மாற்றியவர்கள் இருந்தால், அதை எப்படி வாங்கினீர்கள், கூடவே என்னென்ன வைத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?