மிஸ்டர் ஃப்ரீஸ் கதையை மகளோடு பார்த்த அனுபவம்

பேட்மேன் அனிமேஷன் தொடரில் எத்தனையோ நல்ல பகுதிகள் இருந்தாலும், எட்டு வயது மகளோடு உட்கார்ந்து பார்த்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற பகுதிதான். பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கி, 1992 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பான இது, எழுத்துக்காக எம்மி விருதும் பெற்றது.

முதல் பாதி முழுவதும் மகள் பேட்மேன் பக்கமே இருந்தாள். பேட்மேனின் எதிரியான மிஸ்டர் ஃப்ரீஸ் கோத்கார்ப் நிறுவனத்தின் பொருள்களைக் கொள்ளையடிக்கிறார். தவறுதலாகத் தன் குளிர்த் துப்பாக்கிக்கு இரையாகிக் கால்கள் உறைந்துபோன சொந்த அடியாளையே விட்டுவிட்டுப் போகிறார். இவரை வெறுக்க ஒரு குழந்தைக்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

பிறகு அந்த வீடியோ பதிவு வருகிறது. விக்டர் ஃப்ரைஸ் என்ற விஞ்ஞானி, கொடிய நோயுற்ற மனைவி நோராவை, மருந்து கிடைக்கும் காலம் வரை உறைநிலையில் வைத்துக் காப்பாற்ற முயன்றதையும், நிறுவனத் தலைவர் ஃபெரிஸ் பாய்ல் பணத்தைக் காரணம் காட்டி அந்த ஆய்வை நிறுத்த வந்ததையும், மன்றாடியவரை ரசாயனங்களின் மேல் உதைத்துத் தள்ளியதையும் பேட்மேன் திரையில் பார்க்கிறார். அந்த விபத்துக்குப் பின் உறைகுளிரில் மட்டுமே உயிர்வாழ முடிந்த விக்டர்தான் மிஸ்டர் ஃப்ரீஸ். பார்த்து முடித்த பேட்மேன் அதிர்ந்துபோகிறார். நாயகன் தன் எதிரிக்காகக் கலங்குவதை மகள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், காட்சியை நிறுத்தச் சொல்லி, “அப்பா, அப்போ நிஜமான கெட்டவன் அந்த முதலாளிதானே?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல், மீதியையும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

அந்த இடத்தின் வலிமைக்கு, ஃப்ரீஸுக்குப் பேசிய மைக்கேல் அன்சாராவின் குரல் ஒரு பெரிய காரணம். அழுகையோ கூச்சலோ இன்றி, உணர்ச்சி வற்றிய ஒரே சுருதியில் அவர் பேசுகிறார். அந்த வறட்சியே துக்கத்தின் அளவைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் பாதிதான் புரிந்தபோதிலும், அவர் ரொம்பச் சோகமாக இருக்கிறார் என்பதை மகள் தானாகவே சொன்னாள். இதே தொடரில் ஜோக்கருக்குக் குரல் கொடுத்த மார்க் ஹாமில்தான் இங்கே பாய்லாகவும் பேசியிருக்கிறார்.

காமிக்ஸில் 1959-ல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் அறிமுகமான இந்தப் பாத்திரம், குளிர்த் துப்பாக்கி வைத்திருந்த ஒரு சாதாரணத் திருடன்தான். நோராவின் கதை இந்த 22 நிமிடப் பகுதிக்காகவே உருவாக்கப்பட்டது. பின்னர் காமிக்ஸும் திரைப்படமும் அதையே எடுத்துக்கொண்டன. சிறுவர் நிகழ்ச்சிதானே என்று எழுதியவர்கள் அலட்சியம் காட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

ஜலதோஷம் பிடித்த பேட்மேனுக்கு அவருடைய பணியாளர் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பும் சூடான கோழி சூப், கடைசிச் சண்டையில் ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தை விரிசல்விட வைக்கும்போது மகள் கைதட்டினாள். ஆனால் பேட்மேன் அத்தோடு நிற்காமல் அந்தப் பதிவைச் செய்தியாளர் சம்மர் கிளீசனிடம் ஒப்படைத்து, மனிதநேய விருது பெற வந்த பாய்லின் முகத்திரையைக் கிழித்ததுதான் அவளுக்கு அதைவிடப் பிடித்திருந்தது. குழந்தைகளிடம் துயரத்தைக் காட்டக் கூடாது என்று சொல்லும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். இருந்தாலும், துயரப்பட்டவர் செய்த குற்றத்தை நியாயப்படுத்தாமல், அதேசமயம் அந்தத் துயரத்தைச் சிறுமைப்படுத்தாமல் சொல்லும் கதையைக் குழந்தைகள் தாராளமாகப் பார்க்கலாம் என்பதே என் கருத்து.

முடிந்ததும் மகளே தீர்ப்பும் சொன்னாள்: ஃப்ரீஸ் சிறையில் இருக்கட்டும், ஆனால் பாய்லும் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். நோரா என்ன ஆனாள் என்றும் விடாமல் கேட்டாள். அதற்கான பதில் 1994-ல் வந்த ‘டீப் ஃப்ரீஸ்’ பகுதியில் இருப்பதால், அடுத்து அதைத்தான் பார்ப்பதாக இருக்கிறோம்.