பழைய ஸ்னோமொபைல் கிளட்சில் கடகட சத்தம்

1970களின் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி), 440 சிசி, இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். அப்பா ஓட்டியது. மூன்று வாரமாக ஐட்லிங்கில் முன் கிளட்ச் (இன்ஜினின் கிராங்க் நுனியில் இருப்பது) பக்கம் கடகடவென்று சத்தம், டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல. திராட்டில் கொடுத்து, கிளட்ச் பெல்ட்டைக் கவ்வியதும் அடங்கிவிடுகிறது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஐட்லிங்கில் மட்டும் சில நொடி ஓடவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. அதனால் பெல்ட்டின் மறுமுனையில் இருக்கும் பின் கிளட்ச் மேல் சந்தேகமில்லை. புது பெல்ட் போட்டாயிற்று. இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன, ஸ்பிரிங் உடையவில்லை. ஆனால் முன் கிளட்சின் நகரும் தட்டைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடுகிறது, அந்தத் தட்டைத் தள்ளும் வெயிட் ஒன்றும் அதன் பின்னில் (pin) தளர்ந்து தொங்குகிறது. புல்லர் (கிளட்சை இழுத்தெடுக்கும் கருவி) போட்டு இன்னும் கழற்றவில்லை. கிராங்க் நுனி கெட்டுவிடுமோ என்று பயம்.

தட்டின் புஷ் (உள்வளையம்), வெயிட்டின் பின் (pin) மாற்றினால் போதுமா, அல்லது கிராங்க் பேரிங்கையும் பார்க்க வேண்டுமா?