பிரான்சில் பணம் செலுத்தும்போது உதவும் பிரெஞ்சு வாக்கியங்கள் எவை?

கேள்வி:
அடுத்த மாதம் பாரிஸிலும் லியோனிலும் பத்து நாள்கள் தங்கவிருக்கிறேன். "எவ்வளவு?" என்று கேட்க "சே கொம்பியேன்?" என்பதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன். கடைகளிலும் உணவகங்களிலும் பணம் கொடுக்கும்போது வேறு எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மறுமொழி 1:
எதைக் கேட்பதானாலும் முதலில் "பான்ஜூர்" (வணக்கம்) சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்பவரை அங்கே மரியாதை தெரியாதவராகவே பார்ப்பார்கள். உணவகத்தில் நாம் கேட்காமல் பில் வராது, ஏனெனில் கேட்பதற்கு முன்பே அதைக் கொண்டுவந்து வைப்பது வாடிக்கையாளரை எழுப்பி அனுப்புவதுபோல் ஆகிவிடும். "லாதிஸியோன், சில் வூ ப்ளே" என்றால் கொண்டுவருவார்கள். அட்டை என்றால் "பார் கார்த்", ரொக்கம் என்றால் "அன் எஸ்பேஸ்". சேவைக் கட்டணம் விலைப்பட்டியலில் உள்ள விலையிலேயே அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. கொடுக்க விரும்பினால் "கார்தே லா மொனே" (மீதியை வைத்துக்கொள்ளுங்கள்) எனலாம்.

மறுமொழி 2:
கேட்பது எளிது, வரும் விடையைப் புரிந்துகொள்வதுதான் கடினம் என்பது என் அனுபவம். பிரெஞ்சில் 75 என்பது "சுவாசான்த் கேன்ஸ்", அதாவது அறுபதும் பதினைந்தும். முதல் பாதி காதில் விழுந்ததுமே நான் 60 யூரோவை எண்ணி வைத்துவிட்டுப் பெருமிதத்துடன் நிற்க, கடைக்காரர் நோட்டுகளைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 97 இன்னும் மோசம்: "காத்ர வேன் தீசெத்", அதாவது நான்கு இருபதுகளும் பதினேழும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கு "செப்தான்த்", 90-க்கு "நோனான்த்" என்று நேராகவே சொல்லிவிடுகிறார்கள். பிரான்சுக்கு ஏனோ அந்த இரக்கம் இல்லை. ஆகவே 60 முதல் 99 வரையிலான எண்களைக் காதால் கேட்டுப் பழகுங்கள். அப்படியும் பிடிபடவில்லையென்றால் "வூ புவே லேக்ரீர்?" (எழுதிக் காட்டுகிறீர்களா?) என்று கேளுங்கள்.

மறுமொழி 3:
முதல் மறுமொழியில் வந்த "மொனே" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் "மணி" (money) போல ஒலித்தாலும் அன்றாடப் பேச்சில் அது சில்லறையையும் மீதியையுமே குறிக்கும். பணம் என்பதற்கு "அர்ஜான்". நீங்கள் பெரிய நோட்டை நீட்டும்போது கடைக்காரர் "வூ ஸாவே லா மொனே?" என்றால், சில்லறை இருக்கிறதா என்று கேட்கிறார். மேலும், 2023 ஆகஸ்ட் 1 முதல் பெரும்பாலான கடைகளில் ரசீதைத் தாமாக அச்சிட்டுத் தருவதில்லை. வேண்டுமென்றால் பணம் கட்டும்போதே "லெ திக்கே, சில் வூ ப்ளே" என்று கேட்டுவிடுங்கள்.