பூமியின் மறுபக்கத் தீவுகளுக்குக் குடும்பத்தோடு கப்பல் ஏறலாமா?

செம்பனைவீட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கத்தில் உள்ள புக்கிட் ரோத்தானில் வசிக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. எக்குவடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளை ஏழு இரவுகளில் சுற்றிவரும் பதினாறு பேர் கப்பல் ஒன்றில், அடுத்த ஆண்டு ஜூலையில் தம் குடும்பத்தோடு எங்களையும் அழைத்துச் செல்ல கனடாவில் இருக்கும் என் அக்கா விரும்புகிறார். கப்பல் கட்டணத்தில் பாதியைத் தாமே ஏற்பதாகவும் சொல்கிறார். மீதிப் பாதியையும் விமானச் சீட்டுகளையும் நாங்கள் பார்த்துக்கொள்வதென்றால், பிள்ளைகளின் மேற்படிப்புக்காக ஒன்பது ஆண்டுகளாக ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். என் கணவர் போகலாம் என்கிறார். மாமியாரோ, "உடும்பைப் பார்க்கவா உலகத்தின் அந்தக் கோடிக்குப் போகிறீர்கள்? வீட்டுக்குப் பின்னால் செம்பனை மட்டைக் குவியலைக் கிளறினால் போதாதா?" என்று கேட்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படுவதால் உங்கள் கருத்துகளைக் கேட்கிறேன்.

பழைய கிராணி எழுதியது:

அம்மா, முப்பத்தொரு ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியவன் நான். எனவே முதலில் கணக்கைப் பார்க்கிறேன். கோல சிலாங்கூரிலிருந்து பூமியின் நடுவழியாக ஒரு கம்பியைச் செலுத்தினால் அதன் மறுமுனை எக்குவடோர் மண்ணில்தான் வெளிவரும். நமக்கு அதைவிடத் தொலைவான இடம் உலகில் கிடையாது. அதற்கு மேலும் போக நினைத்தால் வீட்டை நோக்கித்தான் திரும்ப வேண்டும். போக ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர், வரவும் அதே அளவு. எக்குவடோர் கரையிலிருந்து தீவுகளுக்கு இன்னும் 1,000 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. நான்கு பேரை இவ்வளவு தூரம் சுமக்க எரிக்கும் எண்ணெயை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு இயற்கையின் மீது அன்பு வளர்க்கிறோம் என்று சொல்வது எனக்குப் பொருந்திவரவில்லை.

கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டு முதல் வெளிநாட்டவருக்கு அது 200 அமெரிக்க டாலர், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 100. இன்றைய நிலையில் உங்கள் குடும்பத்துக்கு 600 டாலர் ஆகும். அடுத்த ஜூலைக்குள் மகளுக்குப் பன்னிரண்டு நிறைந்துவிட்டால் 700. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இதுவோ கடல்.

கடல்கண்டவன் எழுதியது:

கிராணி ஐயாவின் கணக்கில் நான் பிழை காணவில்லை. ஆனாலும் 2023இல் என் மனைவியோடும் இரண்டு மகன்களோடும் அதே தீவுகளுக்குப் போய் வந்தவன் என்ற முறையில், போகச் சொல்லவே விரும்புகிறேன்.

மேற்குக் கோடியில் ஃபெர்னாண்டினா என்றொரு தீவு இருக்கிறது. ஆடு, எலி, பூனை போன்ற வெளியிலிருந்து வந்த பாலூட்டி எதுவும் இன்றுவரை அங்கே குடியேறவில்லை. எரிமலைக் குழம்பு இறுகிக் கன்னங்கரேல் என்று கிடக்கும் பாறையில் நூற்றுக்கணக்கான கடல் பேரோந்திகள் (இகுவானாக்கள்) ஒன்றின் மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு வெயில் காய்கின்றன. கடலுக்குள் மூழ்கிப் பாசி மேயும் பல்லி இனம் உலகிலேயே இது ஒன்றுதான். உடலில் சேரும் உப்பை அவை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளும்போது நம் காற்சட்டையில் தெறிக்கிறது. கடல் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் பாசி கருகி இரை குறைந்தால் இவற்றின் உடல் நீளமே ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்குகிறது என்றும், நல்ல காலம் வந்தால் மறுபடி நீள்கிறது என்றும் வழிகாட்டி சொன்னார். மெலிவதைப் பார்த்திருக்கிறோம்; எலும்போடு சேர்ந்து குட்டையாகும் உயிரை என் மகன்கள் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

எந்த விலங்கிடமிருந்தும் இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. என் இளையவன் விதியை மதித்து மணலில் அசையாமல் உட்கார்ந்திருந்தான்; ஒரு கடற்சிங்கக் குட்டி தானாகவே வந்து அவன் காலணியை முகர்ந்தது. வழிகாட்டி, "தம்பி, நீதான் பின்னால் நகர வேண்டும்," என்றார். மனிதனைக் கண்டு ஓடாத விலங்குக்கு மனிதன் வழிவிட வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

துன்பமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கப்பல் இரவில்தான் தீவுக்குத் தீவு நகர்கிறது. திறந்த கடலில் சிறிய கப்பல் ஆடும் ஆட்டத்தில் மூத்தவன் இரண்டு இரவுகள் வாந்தி எடுத்தான். ஜூலையில் நீரும் குளிர்ந்திருக்கும், அலையும் கூடுதலாக இருக்கும். போகும் வழியில் எங்கள் பெட்டி ஒன்று வேறொரு நாட்டில் தங்கிவிட்டதால் நான் மூன்று நாள்கள் மைத்துனரின் சட்டையோடு சுற்றினேன்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

செம்பனைவீட்டுச் சகோதரிக்கு: போவதைப் பற்றி எனக்குத் தயக்கமில்லை, கப்பலைப் பற்றித்தான் தயக்கம். சாந்தா குரூஸ் தீவில் ஒரு சிறு விடுதியில் தங்கி, பகலில் படகெடுத்து அருகிலுள்ள தீவுகளைப் பார்த்துத் திரும்பினால் செலவு வெகுவாகக் குறையும். பணமும் அந்த ஊர்க் குடும்பங்களின் கைக்கே போய்ச் சேரும். அங்கே மீன் வெட்டும் மேடையில் கடற்சிங்கமும் கூழைக்கடாவும் வாடிக்கையாளர்களைப் போல வரிசையில் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். பேராமைகளை வளர்த்துத் தீவுகளுக்குத் திருப்பி அனுப்பும் ஆய்வு நிலையமும் அதே ஊரில் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

அந்த ஆமைகளின் கதைக்காகவே போகலாம் என்பேன். சென்ற நூற்றாண்டுகளில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அவற்றை உயிரோடு பிடித்து அடித்தளத்தில் அடுக்கிக்கொண்டு போயின. உணவும் நீரும் இல்லாமல் பல மாதங்கள் உயிர் தாங்கும் இறைச்சி வேறு எங்கே கிடைக்கும்? அப்படி அழிந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். எஸ்பான்யோலா தீவின் இனத்தில் கடைசியாக மிஞ்சியவை 14. கலிபோர்னியாவின் விலங்குக் காட்சிசாலை ஒன்றிலிருந்து திரும்பி வந்த டியேகோ என்ற ஆணையும் சேர்த்து அவற்றை இனப்பெருக்கம் செய்ததில், ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இன்று அந்தத் தீவில் நடமாடுகின்றன. டியேகோவே 2020 ஜூனில் தன் தீவுக்குத் திரும்பியது. பின்டா தீவின் 'தனிமை ஜார்ஜ்' என்ற ஆமைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 2012 ஜூன் 24 அன்று அது இறந்தபோது அதன் இனமே முடிந்தது.

கடல்கண்டவன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு: ஆமைகளைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் கரையில் தங்குவது தீவுகளுக்கு நல்லது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அங்கே கப்பல்களுக்கு விதித்த கட்டுப்பாடு வேறெதற்கும் இல்லை. மொத்தப் படுக்கைகளுக்கு உச்சவரம்பு உண்டு. எந்தக் கப்பலும் நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேர். ஒரே கப்பல் பதினான்கு நாள்களுக்குள் ஒரே இடத்தில் இரண்டு முறை ஆட்களை இறக்கக் கூடாது. வரையின்றி வளர்ந்தது கரையில் தங்குவோர் எண்ணிக்கைதான். முப்பதாயிரம் பேர்கூட நிரந்தரமாக வாழாத தீவுகளுக்கு 2023இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். விடுதி கூடினால் சரக்குக் கப்பல் கூடுகிறது, சரக்கு கூடினால் அதோடு விதையும் பூச்சியும் வந்திறங்குகின்றன. தவிரவும், ஃபெர்னாண்டினா, ஹெனோவேசா போன்ற தொலைதீவுகளுக்குப் பெரும்பாலும் இரவு தங்கும் கப்பல்களே போகின்றன.

பழைய கிராணி எழுதியது:

விதையும் பூச்சியும் என்று தம்பி எழுதியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நம் ஊரில் வந்தேறாதது எது? பால் மரம், அதாவது இரப்பர் மரம், பிரேசில் காட்டிலிருந்து 1877இல் கோலகங்சாருக்குக் கன்றாக வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள். செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கும் அந்தச் சிறு வண்டுகூட 1981இல் கேமரூனிலிருந்து வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டதுதான். அதற்கு முன்னால் பெண்கள் மகரந்தப் பொடியை முகப்பவுடர் போன்ற தூளில் கலந்து குலை குலையாக ஊதிக்கொண்டு போவார்கள். அந்தக் கூலிக்கென்று தனியாகப் பேரேட்டில் பக்கம் வைத்திருந்தேன். வண்டு வந்ததும் அந்தப் பக்கம் காலியாகிவிட்டது.

வந்தவற்றை விட, வராமல் போன ஒன்றுதான் நம்மைக் காப்பாற்றியது. தென்னமெரிக்க இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய் பால் மரத்தின் இளந்தளிரை உதிர்த்து மரத்தையே வாட்டிவிடும். ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் பெரும்பணம் கொட்டி 1928இல் தொடங்கிய இரப்பர்த் தோட்டங்கள் அந்த நோயால்தான் நொடித்தன. 1945இல் அவர்கள் கைவிட்டுப் போனார்கள். அது இன்னும் நம் பக்கம் எட்டவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: தீவுகளைக் காக்க வேண்டுமென்றால் போக்குவரத்தைக் குறைப்பதே வழி. பதினாறு பேர் கப்பலில் ஒழுங்காகப் போகிறோம் என்பதெல்லாம் ஒழுங்கான போக்குவரத்து, அவ்வளவுதான்.

கடல்கண்டவன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன பட்டியலில் இன்னொரு மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மருந்தகத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா எந்த மரத்துப் பட்டையோ, அந்த இனத்து மரம் ஒன்றை 1940களில் சாந்தா குரூஸ் தீவில் நட்டார்கள்; அது மேட்டு நிலத்துச் செடிகளையெல்லாம் மூடிக்கொண்டு பரவிவிட்டது. கொய்யாவும் அங்கே களைதான்.

ஆனால் போக்குவரத்து நின்றுவிட்டால் இவற்றை யார் களைவது? இசபெலா தீவின் வடபகுதியிலும் அண்டைத் தீவுகளிலும் 1997 முதல் 2006 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை ஒழித்தார்கள். கடைசியில் மறைந்து திரிந்தவற்றைக் கண்டுபிடிக்க, கழுத்தில் வானொலிக் கருவி கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனியாக இருக்காது அல்லவா, அது தன் கூட்டத்தைத் தேடிப் போய்க் காட்டிக் கொடுத்துவிட்டது. பின்சோன் தீவில் 2012இல் எலிகளை ஒழித்த பிறகு, நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைக்காதிருந்த ஆமைக் குஞ்சுகள் 2014இல் தாமாகப் பொரித்து நடமாடக் கண்டார்கள். பார்க்க வருகிறவர்கள் இல்லாத தீவுக்காக எந்த அரசும் இவ்வளவு பாடுபடும் என்று நான் நம்பவில்லை.

பழைய கிராணி எழுதியது:

எலிக்கு நாங்கள் கூகைக்குக் கூடு வைத்தோம், செலவும் குறைவு. ஆனால் அந்தக் கூகையைத் தீவுக்குக் கொண்டுபோனால் அது ஆமைக் குஞ்சையும் தின்னும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்றவற்றை ஒத்துக்கொள்ளவில்லை.

நதிக்கரைத் தம்பி எழுதியது:

அண்ணன்மாரும் ஐயாவும் உலகம் சுற்றுவதற்கிடையில் ஒரு வார்த்தை. அக்கா வீட்டிலிருந்து ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தான் காரில் கால் மணி நேரம்கூட இல்லை. அங்கே ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். துடுப்புச் சம்பான் படகில் அவர்களை ஏற்றிச் செல்லும்போது, உள்ளூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றையும் காணாமல் பல மாதங்கள் கழிகின்றன. மின்மினியின் புழு ஆற்றங்கரை ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. கரையை வழித்துச் செம்பனை நட்டால் மேலே மரம் நின்றாலும் கீழே புழு இருக்காது. கலாபகோஸில் ஆட்டை ஒழித்ததற்குக் கைதட்டுகிறோம். இங்கே கரையோரத்தில் நாலு வரிசை செம்பனையை விட்டுக்கொடுக்கச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்?

உயிரியல் ஆசிரியை எழுதியது:

தம்பியின் கேள்வி நியாயமானது. எங்கள் பள்ளியே அங்கு மாணவர்களை அழைத்துச் சென்று பல ஆண்டுகள் ஆகின்றன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மின்மினியைக் காட்டி மற்றதைத் தடுப்பது சரியான வாதமாகாது. அந்தத் தீவுகளைக் காணும் மாணவன் "இந்த விலங்கு ஏன் என்னைக் கண்டு பயப்படவில்லை?" என்று கேட்பான். மின்மினிப் படகில் இருட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கேள்வி எழாது, வேறு கேள்விகள் எழும். 1835 செப்டம்பரில் அங்கே இறங்கிய டார்வின், கிளையில் இருந்த ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட்டதாகக் குறித்திருக்கிறார். சுடுவதற்கு அவசியமே இல்லாத அளவுக்கு அது அசையாமல் இருந்தது.

செம்பனைவீட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மூன்று பேருமாக உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். மாமியாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்காவிடம் அடுத்த ஆண்டு முடியாது, அதற்கடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். படிப்புப் பணத்தைத் தொடுவதில்லை என்பது முடிவு; விமானச் செலவை இரண்டு ஆண்டுகளில் தனியாகச் சேர்க்க முடிந்தால் கப்பலில்தான் போவோம். கிராணி ஐயா வருந்த வேண்டாம், மகளுக்கு அப்போது முழுக் கட்டணம் என்பதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறேன். நதிக்கரைத் தம்பி, நிலா இல்லாத நாள் எது என்று சொல்லுங்கள், வருகிறோம்.

பழைய கிராணி எழுதியது:

வருத்தமில்லை அம்மா. ஒரு வேண்டுகோள் மட்டும். என் தம்பிக்கு பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழியில் மூன்று ஏக்கர் பால் மரம் இன்னும் இருக்கிறது. எக்குவடோரில் மிதித்த காலணியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், துணிகளையும் நன்றாகத் துவைத்துவிடுங்கள்.

செம்பனைவீட்டுக்காரி எழுதியது:

அப்படியே செய்கிறோம் ஐயா. மகன் இதுவரை பால் வெட்டுவதைப் பார்த்ததே இல்லை. தாத்தா அந்த மூன்று ஏக்கரைக் காட்டுவாரா என்று கேட்கிறான்.

பழைய கிராணி எழுதியது:

விடியற்காலை ஐந்தரைக்கு வந்தால் காட்டுகிறேன். ஆனால் பயணத்துக்கு முன்பே வரட்டும்.