பதவி உயர்வுக் கோப்பில் ஓர் ஏரிக் கட்டுரை

நான் வரலாற்றுத் துறை. சிவில் துறை நண்பர்கள் இருவரோடும் புவியியல் ஆசிரியர் ஒருவரோடும் சேர்ந்து ஓர் ஏரித் தொடரை ஆராய்ந்தேன். அவர்கள் கரையையும் நீர்வரத்தையும் அளந்தார்கள். கல்வெட்டைப் படித்தது நான். அதில் ‘குமிழி’ என்று வந்தது. மதகைக் குறிக்கும் பழைய சொல். அந்த ஒரு வரியை வைத்துத்தான் தூர்ந்துபோன மதகைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

அப்புறம் பேராசிரியர் பதவிக்கு சி.ஏ.எஸ். விண்ணப்பம், அதாவது பணியில் இருப்பவர்களுக்கான பதவி உயர்வுத் திட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி 10 கட்டுரைகளும் 110 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும். கலைப் பாடங்களில் கட்டுரைக்கு 10 மதிப்பெண். இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் முதல் ஆசிரியருக்கோ, இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியருக்கோ 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. ஏரிக் கட்டுரையை எழுதியது நாங்கள் நால்வர், முதல் பெயர் சிவில் நண்பருடையது. இதழின் தாக்கக் குறியீட்டுக்காக (இம்பாக்ட் ஃபாக்டர்) தரும் கூடுதலை விட்டுவிட்டால் எனக்குக் கிடைத்தது 3.

நேர்காணல்தான் அதைவிட வலித்தது. பாட வல்லுநர்கள் மூவரும் வரலாற்றுக்காரர்கள். ஒருவர் தன்மையாகத்தான் கேட்டார்: “இது நீரியல் இதழ் ஆச்சே சார், வரலாறு எங்கே இருக்கு?” விளக்கினேன். கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைப் புரட்டினார்கள். அந்த முறை கிடைக்கவில்லை.

அடுத்த முறை, யார் எந்த வேலையைச் செய்தோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, சிவில் நண்பரின் கடிதத்தோடும் கல்வெட்டுப் படியோடும் சேர்த்து வைத்தேன். வந்த வல்லுநர் அந்தப் படியை எடுத்துக்கொண்டு குமிழியைப் பற்றியே பத்து நிமிடம் கேட்டார். பதவி உயர்வு வந்தது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே அட்டவணையில், முனைவர் பட்ட மாணவரைத் தனியாக நெறிப்படுத்தினால் 10, இருவர் சேர்ந்து செய்தால் ஆளுக்கு 7. அங்கே இரண்டு பேரையும் சமமாகப் பார்க்கத் தெரிந்த விதி, கட்டுரையில் மூன்றாவது ஆள் சேர்ந்ததும் பெயர் வரிசையைப் பிடித்துக்கொள்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியை அவ்வளவு வலியுறுத்துகிறது. அதற்கேற்ப இந்தக் கணக்கையும் மாற்றியிருக்க வேண்டும்.

போன மாதம் புவியியல் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர், “உங்க ஏரி வேலையில நானும் சேரலாமா சார்?” என்று கேட்டார். தாராளமாக வாம்மா என்றேன். களத்துக்குப் போகும் முன்பே, அடுத்த கட்டுரைக்குத் தொடர்பு ஆசிரியர் அவர்தான் என்று நால்வருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.