வித்ட்ரா போட்டு ஆறு நாளாச்சு, காசு வரல. எந்த சைட்டு வெரசா குடுக்குது?

மண்டபம்வடக்கு:
மீன்பிடித் தடைக்காலத்துல கரையில சும்மா கெடந்தப்ப கூட்டாளி ஒருத்தன் டெலிகிராம்ல லிங்க் அனுப்புனான், கேசினோ சைட்டு, ரவுலட், அப்பறம் விமானம் மேல ஏறிக்கிட்டே இருக்குமே அந்த கேம். 500 போட்டு ஆரம்பிச்சேன், 2,000 எடுத்தேன், பத்தே நிமிசத்துல அக்கவுண்ட்டுக்கு வந்துருச்சு. அத நம்பி வீட்டுல சொல்லாம தடைக்கால நிவாரணம் 8,000த்தையும் போட்டேன். இப்ப உள்ள 23,500 காட்டுது, வித்ட்ரா குடுத்தா ஆறு நாளா 'பெண்டிங்'. சப்போர்ட்ல கேட்டா 5,000 கட்டுங்க, வெரிஃபிகேசன் முடிஞ்சு ஒரு மணி நேரத்துல மொத்தமா வந்துரும்ங்கிறான். கட்டலாமா? இல்ல வேற நல்ல சைட்டு இருக்கா?

தொண்டித்துறை:
தம்பி கட்டாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க, உங்க காசு 23,500 அவன்கிட்டதான இருக்கு, அதுல 5,000 கழிச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்ப வேண்டியதுதான? புதுசா எதுக்கு உங்ககிட்ட கேக்குறான்? ஏலக்கூடத்துல கமிசன மீன் காசுல இருந்துதான் எடுப்பாங்க, கமிசன முன்னாடி கட்டு, அப்பறம் மீன் காசு தர்றேன்னு எந்த வியாபாரியாச்சும் சொல்லுவானா?

கீழக்கரைக்காரன்:
5,000 கட்டக்கூடாதுங்கிறதுல தொண்டி அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா காசு லேட்டா வந்தாலே மோசடின்னு நெனைக்காதீங்க. நான் சென்னையில பேமென்ட் கம்பெனில ரெண்டு வருசம் செக்கிங் பக்கம் இருந்தேன். ஒழுங்கா நடக்குற எடத்துல காசு போட்ட ஆளும் எடுக்குற ஆளும் ஒரே பேரான்னு பாக்கணும், பான் பாக்கணும், ஜெயிச்ச காசுல 30% டிடிஎஸ், அதாவது வருமான வரிய முன்கூட்டியே புடிக்கணும், அதுக்குத் தனியா ஆள் வேணும், ஆடிட் வேணும், எல்லாம் செலவு. 2023 அக்டோபர்ல இருந்து போடுற காசு மேலயே 28% ஜிஎஸ்டி வந்துச்சா, 100 ரூவா போட்டா ஏறக்கொறைய 22 வரிக்கே போயிருச்சு. ரம்மி கம்பெனிக நெறைய பேரு ஆள் ஓடிரக்கூடாதுன்னு அத போனஸா திருப்பிக் குடுத்து கையக் கடிச்சுக்கிட்டாங்க. வெளிநாட்டு சைட்டுக்காரன் இதுல ஒண்ணுமே கட்டல, அதான் அவனால 'பத்து நிமிசத்துல பணம்'னு சொல்ல முடியுது. என் வாதம் இதான், லைசென்ஸ் குடுத்து கட்டுக்குள்ள வச்சிருந்தா மண்டபம் தம்பி டெலிகிராம் லிங்க்குக்குப் போயிருக்கவே மாட்டாரு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு கட்டி ஆடுற எல்லாத்தையும் தடை பண்ணி சட்டம் போட்டுச்சு, நடத்துறவனுக்கு 3 வருசம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம். கணக்கு காட்டுன கம்பெனி கடைய மூடுனான், கணக்கே காட்டாதவன் இன்னும் நடத்துறான்.

தொண்டித்துறை:
தம்பி, உங்க படிப்புக்கு மரியாதை குடுத்தே சொல்றேன். கேசினோங்கிறது ரம்மி இல்ல, 2022 தமிழ்நாட்டுச் சட்டத்துலயே அதிர்ஷ்டத்த நம்பி ஆடுற ஆட்டம் மொத்தமா தடை. 2023 நவம்பர்ல ஹைகோர்ட்டு ரம்மியயும் போக்கரையும்தான் அந்தச் சட்டத்தோட தடைப் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு, மிச்சத்தத் தொடல. நான் கூடத்துல கணக்கு எழுதுறவன். பங்கு பிரிக்கிறத தெனமும் பாக்குறேன். முன்ன ஈரக் கையோட நோட்ட எண்ணி மடியில முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போவானுக. இப்ப ஃபோன்ல ஏத்தி விடுறோம், மணி அடிச்ச சத்தம் அடங்குறதுக்குள்ள அங்கயே வலைக்கட்டு மேல உக்காந்து கட்டைவிரல் ஓடுது, வீட்டுக்குப் போறப்ப 300 ரூவாதான் மிச்சம். லைசென்ஸ் இருந்தா மட்டும் அந்தக் கட்டைவிரல் நின்னுருமா?

கீழக்கரைக்காரன்:
நின்னுராது அண்ணே, ஆனா பிரேக் போடலாம். இங்கிலாந்துல 2020 ஏப்ரல்ல இருந்து கிரெடிட் கார்டுல சூதாடக்கூடாது. வித்ட்ரா குடுத்த காச மறுபடி ஆட்டத்துக்கே இழுத்துக்குற வசதியயும் 2021ல நிப்பாட்டிட்டாங்க. பெண்டிங்ல போட்டு வைக்கிறதே அதுக்குத்தான், காத்துக்கிட்டு இருக்குறவன் கை அரிச்சு கேன்சல் பண்ணி ஆடித் தோத்துருவான். நம்மூர்லயும் 2025ல ரம்மிக்கு ஆதார் கட்டாயம், ராத்திரி 12ல இருந்து காலைல 5 வரைக்கும் ஆடக்கூடாதுன்னு விதி போட்டாங்க, ஹைகோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு. இந்த விதியெல்லாம் யார்கிட்ட போடுவீங்க, அட்ரஸ் இருக்குறவன்கிட்டதான?

பாம்பன்_அக்கா:
வேகம் வேகம்ங்கிறீங்களே, அந்த வேகமா வர்ற காசு யாரு அக்கவுண்ட்ல இருந்து வருதுன்னு யாராச்சும் பாத்தீங்களா? நான் பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், எங்க கொழுந்தனாருக்கு நடந்தத சொல்றேன். இப்படித்தான் ஒரு சைட்டுல 4,200 எடுத்தாரு, அஞ்சு நிமிசத்துல வந்துச்சு, அனுப்புன பேரு ஏதோ வடக்க உள்ள டிரேடர்ஸ், ஸ்டேட்மென்ட்ட நான்தான் பிரிண்ட் எடுத்தேன். மூணு வாரம் கழிச்சு ஏடிஎம்ல காசு வரல. பேங்குல கேட்டா வேற மாநில சைபர் போலீஸ் கணக்க முடக்கச் சொல்லிருக்காங்களாம், அந்த 4,200 யாரோ ஒருத்தர்கிட்ட ஏமாத்திப் புடுங்குன காசாம், கை மாறி கை மாறி இவருகிட்ட வந்து நின்னுருக்கு. அதே கணக்குலதான் நண்டுக் கம்பெனி போட்ட 61,000 இருந்துச்சு. டீசலுக்கு வழியில்ல, வல்லம் கரையிலயே கெடந்துச்சு, ரெண்டரை மாசம். மாமியா கம்மல அடகு வச்சுத்தான் அந்த மாசம் ஓடுச்சு. கீழக்கரை தம்பி, லைசென்ஸ் இருந்தா கம்பெனி பேர்லயே காசு வந்துருக்கும்னு சொல்லுவீங்க, சரிதான். இன்னைக்கு அப்படி இல்லயே. இன்னைக்கு உள்ள நெலமையில வெரசா வர்ற காசுதான் ஆபத்து.

ஏர்வாடி_சிங்கை:
நான் சிங்கப்பூர்ல இருக்கேன். இங்க ஆன்லைன்ல ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் அனுமதி, வேற சைட்டுல ஆடுனா ஆடுறவனுக்கே 10,000 டாலர் வரைக்கும் அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். நம்மூர் புதுச் சட்டத்துல ஆடுறவனுக்குத் தண்டனையே இல்லன்னு கேள்விப்பட்டேன்.

தொண்டித்துறை:
மத்திய சட்டத்துல இல்ல. ஆனா தமிழ்நாட்டுச் சட்டத்துல இருக்கு, 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 5,000 வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். தம்பிய பயமுறுத்த சொல்லல, தெரிஞ்சு வச்சுக்கிறதுக்கு.

கீழக்கரைக்காரன்:
பாம்பன் அக்கா சொன்னதுக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. நான் வேலை பாத்தப்ப இப்படி வாடகைக்கு விட்ட அக்கவுண்டுக எத்தனையோ புடிச்சுருக்கோம், 2,000 ரூவாய்க்கு காலேஜ் பையன் தன் பாஸ்புக்கையும் சிம்மையும் குடுத்துருப்பான். தடையால இது தீந்துரும்னு மட்டும் நான் இன்னும் நம்பல. மண்டபம் தம்பி, நீங்க முதல்ல எடுத்த 2,000 யார் பேர்ல வந்துச்சுன்னு பாருங்க.

மண்டபம்வடக்கு:
இப்பதான் பாத்தேன் அண்ணே. ஏதோ மொபைல் கடை பேரு. போட்ட 8,000 போனது வேற ரெண்டு ஆளு பேர்ல. 5,000 கட்டல. கட்ட மாட்டேன்.

பாம்பன்_அக்கா:
சரி, மொதல்ல சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் போட்டு புகார் குடுங்க. ஒவ்வொரு டிரான்சாக்சனுக்கும் யுடிஆர்னு ஒரு அடையாள நம்பர் இருக்கும், அத எழுதி வைங்க. அவன் 5,000 கேட்ட மெசேஜையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, சாட்ட அழிச்சுட்டான்னா கெடைக்காது. அந்த 2,000த்த செலவழிக்காம அப்படியே வைங்க. வீட்டுலயும் சொல்லிருங்க, பேங்குக்காரன் சொல்லித் தெரியுறதுக்கு முன்னாடி.

மண்டபம்வடக்கு:
1930ல பேசிட்டேன், நம்பர் குடுத்துருக்காங்க. வீட்டுல இன்னும் சொல்லல. ஆப்ப தெறந்தா 23,500ன்னு இப்பவும் பச்சக் கலர்ல நிக்குது, அழிக்கக் கை வரல. நாளைக்கு கடலுக்குப் போறேன், டோக்கன் போட்டாச்சு. திரும்பி வந்து ஸ்டேட்மென்ட்ட எடுத்துக்கிட்டு வர்றேன் அக்கா, உங்க சென்டர் எத்தன மணி வரைக்கும் தெறந்துருக்கும்?