சிவப்புக் கூன்வண்டுப் பொறி: சின்ன வளவில் எங்கே வைப்பது?

வணக்கம். தெஹிவளையில் ஒடுங்கிய வளவு. காய்க்கும் தென்னை நான்கு, ஐந்து வயது இளந்தென்னை இரண்டு. புழுப் பருவத்தில் தென்னந்தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டைப் பிடிக்க ஒரு பொறி செய்தோம்: 10 லீற்றர் வாளியில் விளிம்புக்குக் கீழே 5 சென்ரிமீற்றர் துளைகள் நான்கு, வெளியே சாக்கு (வண்டு பற்றி ஏற வேண்டுமே). மூடியின் உட்புறம் பெரமோன் (வண்டை இழுக்கும் வாசனைப் பொருள்) பொதி. அடியில் கரும்புத் துண்டுகள், ஈஸ்ட், சவர்க்காரத் தண்ணீர். தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டும் தப்பிவிடும் என்பதால் வாரமொருமுறை மாற்றுகிறோம்.

சிக்கல் இடம்தான். அந்த வாசனை அயல் வளவு வண்டுகளையும் இழுக்கும். வாளிக்குள் விழாதவை பக்கத்து இளமரத்தின் காயங்களில் முட்டையிடும். பொறியை எடுத்துவிட்டு, வெட்டுக்காயங்களுக்குத் தார் பூசுவதோடு நிற்பதா? இப்படியான வளவில் நிழலில் வைத்துப் பலன் கண்டவர்கள், இளமரத்திலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி வைத்தீர்கள்? கொழும்பில் பெரமோன் பொதி எங்கே வாங்கலாம் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.